செங்கடலில் இத்தனை போர்க்கப்பல்கள் நின்றும் வழி ஏன் திறக்கவில்லை?

கேள்வி: வகுப்பறைக்குறிப்பு

வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். இந்தப் பருவத்துக் கட்டுரைக்குச் செங்கடல் நெருக்கடியை எடுத்திருக்கிறேன். எவ்வளவு படித்தாலும் ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை.

2008 வாக்கில் சோமாலியக் கடற்கொள்ளையர் பிரச்சினை வெடித்தபோது பல நாட்டுக் கடற்படைகள் ஏடன் வளைகுடாவுக்கு வந்தன. சில ஆண்டுகளிலேயே கொள்ளை ஏறக்குறைய நின்றுபோனது. அதே கடலுக்குப் பக்கத்தில் 2023 நவம்பர் 19 அன்று, ஏமன் தலைநகரைக் கையில் வைத்திருக்கும் ஆயுதக் குழுவான ஹவுதிகள், காசாவுக்காகச் செய்கிறோம் என்று சொல்லி, ஹெலிகாப்டரில் இறங்கி ‘கேலக்ஸி லீடர்’ கப்பலைப் பிடித்தார்கள். ஒரு மாதத்துக்குள், டிசம்பர் 18 அன்று, அமெரிக்கா ‘பிராஸ்பெரிட்டி கார்டியன்’ கூட்டணியை அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஏமன் மீது குண்டு போட ஆரம்பித்தன. பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆஸ்பிடிஸ்’ படை வந்தது. 2025 மார்ச் 15 முதல் மே 6 வரை அமெரிக்கா இன்னும் பெரிய தாக்குதல் நடத்தியது. இவ்வளவுக்கும் பிறகு 2025 ஜூலையில் ‘மேஜிக் சீஸ்’, ‘எடர்னிட்டி சி’ என்று இரண்டு கப்பல்கள் ஒரே வாரத்தில் மூழ்கடிக்கப்பட்டன.

சோமாலியாவில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? ‘ஹவுதிகளுக்கு ஈரான் ஆயுதம் தருகிறது’ என்ற ஒற்றை வரிப் பதிலை எல்லாக் கட்டுரையிலும் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று, அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: தென்மேற்குப்பருவம்

தம்பி, நான் பல்க் கேரியரில் சீஃப் ஆபீசர். கோதுமை, உரம், நிலக்கரி மாதிரி மூட்டை கட்டாத சரக்கை ஏற்றுகிற கப்பல். கேடட்டாக இருந்த காலத்தில், சோமாலியக் கொள்ளை உச்சத்தில் இருந்தபோது ஏடன் வளைகுடாவைக் கடந்திருக்கிறேன். 2024 தொடக்கத்தில் தெற்குச் செங்கடலையும் கடந்தேன். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், உன் கேள்விக்கான பதில் கப்பலுக்குள் எங்கே போய் ஒளிந்துகொள்வது என்பதிலேயே இருக்கிறது என்பேன்.

சோமாலியக் கொள்ளையன் வந்தது கப்பலைப் பிடிக்க. சின்னப் படகில் வந்து, ஏணி மாட்டி, மேலே ஏறுவான். அதனால் கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டுவோம், தீயணைப்புக் குழாய்களைத் திறந்து பக்கவாட்டில் தண்ணீரை அடிக்க விடுவோம், எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டுவோம். அப்படியும் ஏறிவிட்டால் எல்லோரும் கீழே எஞ்சின் ரூம் பக்கம் ஓடி, உள்ளிருந்து பூட்டிக்கொள்வோம். அதற்கு ‘சிடடெல்’ என்று பெயர். எஞ்சினை நிறுத்திவிட்டு, சாட்டிலைட் போனில் கடற்படைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். கொள்ளையனுக்குக் கப்பலும் வேண்டும், நாங்களும் உயிரோடு வேண்டும். அப்போதுதான் பணம். அந்தப் பேராசைதான் கடற்படைக்கு வந்து சேர நேரம் கொடுத்தது.

செங்கடலுக்குள் நுழைவதற்கு முன் எங்கள் கேப்டன் எல்லோரையும் மெஸ்ஸில் கூட்டினார். ஃபிட்டர் எழுந்து, சிடடெல் சாவி இந்த முறை யார் கையில் என்று கேட்டார். பழைய ஆள், பல முறை அந்த வழியில் போனவர். கேப்டன், “சிடடெல் கிடையாது, யாரும் கீழே போகக் கூடாது” என்றார். வெடிமருந்து நிரப்பிய ஆளில்லாப் படகு தண்ணீர் மட்டத்தில்தான் வந்து மோதும். பெரும்பாலும் பின்பக்கம், எஞ்சின் ரூம் இருக்கும் இடத்தில். ஆகவே கூடும் இடம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கப்பலின் நடுவில், வெளிச்சுவரை ஒட்டாத உள் படிக்கட்டுத் தளம். மெத்தைகளைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்தோம். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், முதலுதவிப் பெட்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கேயே வைத்தோம். எஞ்சின் ரூமில் எத்தனை பேரைக் குறைக்க முடியும் என்று சீஃப் எஞ்சினியரும் கேப்டனும் நெடுநேரம் பேசினார்கள். ஒருவரும் இல்லாமல் ஓட்ட முடிந்தால் நல்லது. ஆனால் குறுகலான நீர்ச்சந்தியில் ஸ்டியரிங்கோ மெயின் எஞ்சினோ சண்டித்தனம் செய்தால் கீழே ஒரு ஆளாவது வேண்டுமே. யார் அந்த ஆள்? அந்த மெஸ்ஸில் இருந்த எல்லோரும் அதைத்தான் யோசித்தார்கள்.

அதே 2024 ஜூன் 12 அன்று ‘டியூட்டர்’ என்ற கப்பலின் பின்பக்கத்தில் ஆளில்லாப் படகு மோதியது. எஞ்சின் ரூமில் இருந்த பிலிப்பைன்ஸ் மாலுமி செத்துப்போனார். சில நாள் கழித்துக் கப்பலும் மூழ்கியது. செய்தி வந்தபோது எனக்கு அந்த மெஸ் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஹவுதிக்குக் கப்பல் தேவையில்லை, சரக்கு தேவையில்லை. கப்பல் அடிபட்டது என்ற செய்தி போதும். அந்தச் செய்தி லண்டனில் இன்ஷூரன்ஸ்காரர் மேஜைக்குப் போக வேண்டும், கப்பல் முதலாளி வழியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. நூறு ஏவுகணையில் தொண்ணூற்றைந்தைக் கடற்படை சுட்டு வீழ்த்தினாலும் மீதி ஐந்து போதும். கொள்ளையனைத் தோற்கடிக்க அவனைக் கப்பலில் ஏற விடாமல் செய்தால் முடிந்தது. ஹவுதியைத் தோற்கடிக்க ஒன்றுகூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கடற்படையாலும் முடியாத வேலை அது.

இடமும் அவர்களுக்கே சாதகம். செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டேப் நீர்ச்சந்தி குறுகலான இடத்தில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் பெரிம் தீவு வேறு. கரையிலிருந்து கிளம்பிய ஏவுகணை வந்து சேர எடுக்கும் நேரம் ஒரு டீ குடிக்கக்கூடக் காணாது. போர்க்கப்பல் பக்கத்தில் இருந்தால் பிழைத்தோம். ஆனால் போர்க்கப்பல்களை விரல்விட்டு எண்ணலாம், வணிகக் கப்பல்கள் நாள்தோறும் டஜன் கணக்கில். ஒரு ட்ரோனின் விலை சில ஆயிரம் டாலர்கள். அதை அடிக்க அமெரிக்கக் கப்பல் விடுகிற எஸ்எம்-2 ஏவுகணை ஒன்றின் விலை ஏறக்குறைய 20 லட்சம் டாலர்.

சட்டமும் வேறு. உன் படிப்புக்கு இது முக்கியம், குறித்துக்கொள். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101-வது பிரிவு, தனிப்பட்ட நோக்கத்துக்காகச் செய்வதைத்தான் கடற்கொள்ளை என்கிறது. சோமாலியாவில் 2008-ல் பாதுகாப்புச் சபை 1816-வது தீர்மானம் போட்டது. அங்கிருந்த இடைக்கால அரசின் சம்மதத்தோடு அந்நாட்டுக் கடலெல்லைக்குள்ளேயே போய்க் கொள்ளையரைத் துரத்த அனுமதி கிடைத்தது. பிடிபட்டவர்களைக் கென்யாவிலும் செஷல்ஸிலும் விசாரித்துத் தண்டித்தார்கள். ஆக, கரையில் ஒரு கதவு திறந்திருந்தது. ஏமனில்? 2014 செப்டம்பரிலிருந்து தலைநகர் சனா ஹவுதிகள் கையில். வரி வசூலிக்கிறார்கள், துறைமுகம் நடத்துகிறார்கள், கப்பல் கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஓர் அலுவலகமே வைத்திருக்கிறார்கள். 2024 ஜனவரி 10 அன்று பாதுகாப்புச் சபை போட்ட 2722-வது தீர்மானம் தாக்குதலைக் கண்டித்தது, கப்பல்களைக் காக்க நாடுகளுக்கு உரிமை உண்டு என்றது. ரஷ்யா, சீனா, அல்ஜீரியா, மொசாம்பிக் நான்கும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அவ்வளவுதான். கரைக்குப் போகிற கதவு அதில் இல்லை.

இரவு வாட்சில் விஎச்எஃப் ரேடியோவின் 16-வது சேனலில் ஒரு குரல் வரும். தன்னை ‘ஏமன் கடற்படை’ என்று சொல்லி, வழியை மாற்று, ஹவுதிகள் கையில் இருக்கிற ஹொதைதா துறைமுகத்துப் பக்கம் வா என்று கட்டளையிடும். எங்களுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று உத்தரவு. கப்பலின் பெயரையும் இருக்கும் இடத்தையும் சுற்றிலும் அறிவிக்கிற ஏஐஎஸ் கருவியை அணைப்பதா வேண்டாமா என்பது இன்னொரு தலைவலி. அணைத்தால் அவர்களுக்குக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். ஆனால் அடிபட்டால் உதவிக்கு வருபவனுக்கும் நம்மைத் தெரியாது. சில கப்பல்கள் ஏஐஎஸ்ஸில் போகுமிடம் எழுதும் கட்டத்தில் ‘எல்லோரும் சீன மாலுமிகள்’, ‘இஸ்ரேலோடு தொடர்பில்லை’ என்றெல்லாம் எழுதிக்கொண்டு போயின. ரேடாரில் அந்த வரிகளைப் பார்த்தபடி நிற்கும்போது நெஞ்சு கனத்துப்போகும். தன் தேசத்தையும் சாதுவான நோக்கத்தையும் எழுதிக் காட்டி உயிர்ப்பிச்சை கேட்கிற நிலைமைக்குச் சர்வதேசக் கடல்வழி வந்துவிட்டதே என்று.

ஆகக் கடலில் தீராத விஷயம் இது. கரையில்தான் தீரும். கரையில் அதைக் கொஞ்சமாவது தீர்த்தவர்கள் யார் என்று பார்த்தால், விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுகூட இல்லாத ஓமான்காரர்கள். கேலக்ஸி லீடர் மாலுமிகள் 25 பேரும் ஒரு வருடத்துக்கும் மேல் பிடியில் கிடந்து 2025 ஜனவரி 22 அன்று விடுதலையானபோது, ஓமானிடம்தான் ஒப்படைக்கப்பட்டார்கள். 2025 மே 6 அன்று அமெரிக்காவும் ஹவுதிகளும் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டதை அறிவித்ததும் ஓமான் வெளியுறவு அமைச்சர்தான். ஏழு வாரம் குண்டு போட்டும் கிடைக்காததைப் பேச்சு கொடுத்தது.

ஆனால் எனக்குத் தீராத கோபம் அந்த மே மாத உடன்பாட்டின் மேலேயே இருக்கிறது. ஹவுதிகள் அமெரிக்கக் கப்பல்களை அடிக்க மாட்டார்கள், அமெரிக்கா அவர்களை அடிக்காது. மற்றவர்கள்? இரண்டே மாதத்தில் ஜூலை 6 அன்று மேஜிக் சீஸ், அடுத்த நாள் எடர்னிட்டி சி. இரண்டும் லைபீரியக் கொடி, கிரேக்கக் கம்பெனிகள் நடத்தியவை. அதே கம்பெனியின் வேறு கப்பல் இஸ்ரேல் துறைமுகத்துக்குப் போயிருந்தது என்பதுதான் குற்றம். மேஜிக் சீஸின் 22 பேரையும் அந்த வழியாகப் போன இன்னொரு வணிகக் கப்பல் காப்பாற்றியது. எடர்னிட்டி சி-யை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். பக்கத்தில் ஒரு போர்க்கப்பலும் இல்லை. குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள், பத்துப் பேர் தண்ணீரிலிருந்து மீட்கப்பட்டார்கள், வேறு சிலரை ஹவுதிகள் கொண்டுபோனார்கள். அவர்களும் டிசம்பரில் ஓமான் வழியாகத்தான் வெளியே வந்தார்கள்.

கொடி லைபீரியா, முதலாளி கிரேக்கன், மாலுமி பிலிப்பைன்ஸ்காரன், காவலுக்கு நிற்பவன் இந்தியன். இவர்களுக்காக அந்த மேஜையில் பேச யாரும் இல்லை. ஒவ்வொரு அரசும் தன் கொடிக்கு மட்டும் பேசி முடித்துக்கொண்டு எழுந்து போகிறவரை, கடலில் இருக்கிற பெரும்பாலான கப்பல்கள் யார் கணக்கிலும் வராது. உன் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இதை விடாதே.

பதில் 2: மூட்டைக்கணக்கு

மேலே எழுதிய சாருடைய அனுபவத்துக்கு மரியாதை. பெரும்பாலானதை ஏற்கிறேன். ஆனால் கடலிலிருந்து பார்த்தால் ஏமன் ஒரு ஏவுதளமாக மட்டும் தெரிகிறது. நான் நிவாரணச் சரக்குப் போக்குவரத்தில் ஜிபூட்டியிலும் ஏடனிலும் வேலை பார்த்தவன். கரைப் பக்கத்தையும் தம்பி எழுத வேண்டும்.

ஏமன் தன் கோதுமையில் ஏறக்குறைய முழுவதையும் இறக்குமதி செய்கிற நாடு. வடக்கில் இருக்கிற மக்களுக்கு அது ஹொதைதா, சலீஃப் துறைமுகங்கள் வழியாக வந்தாக வேண்டும். 2018 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. ஓர் உடன்பாடு செய்ததே இந்தத் துறைமுகத்தில் சண்டை நடக்காமல் தடுக்கத்தான். அப்போது ஹொதைதா விழுந்திருந்தால் பஞ்சம் நிச்சயம் என்ற பயத்தில் உலகமே சேர்ந்து அந்தத் துறைமுகச் சண்டையை நிறுத்தியது. 2023-க்குப் பிறகு ஹவுதிகள் அதே துறைமுகத்துக் கரையிலிருந்து கப்பல்களை அடித்தார்கள், அதே துறைமுகமும் அடிவாங்கியது. 2024 ஜூலை 20 அன்று இஸ்ரேல் அங்கே எரிபொருள் கிடங்கையும் கிரேன்களையும் தாக்கியது. 2025 ஏப்ரல் 17 அன்று ராஸ் ஈசா எண்ணெய்த் துறைமுகத்தில் அமெரிக்கத் தாக்குதலில் 70 பேருக்கு மேல் இறந்ததாக ஹவுதி சுகாதாரத் துறை சொன்னது. கிரேன் போனால் என்ன ஆகும் என்று கிடங்கில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். கப்பலில் இருக்கிற சின்ன கிரேனை வைத்து இறக்க வேண்டும், நாள் கணக்கு வாரக் கணக்காகும், ஒவ்வொரு நாளும் கப்பல்காரனுக்குத் தாமதக் கட்டணம் ஏறும், அது கடைசியில் மாவின் விலையில் போய் உட்காரும். டீசல் இல்லையென்றால் மாவு மில்லும் ஓடாது, கிணற்று மோட்டாரும் ஓடாது.

2015 மார்ச்சிலிருந்து சவுதி தலைமையிலான கூட்டணி ஏழு ஆண்டுகள் வானிலிருந்து அடித்தது. 2021 முடிவுக்குள் அந்தப் போரில் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குண்டால் சாகவில்லை, பசியாலும் நோயாலும் செத்தவர்கள். ஹவுதிகள் பலவீனமாகவா ஆனார்கள்? சவுதியே 2022-ல் சண்டை நிறுத்தத்துக்கு வந்தது, 2023-ல் தூதுக்குழுவைச் சனாவுக்கு அனுப்பியது. இந்த வரலாறு கண்முன் இருக்கும்போது சில வாரக் குண்டுவீச்சு வழியைத் திறந்துவிடும் என்று யாரோ நம்பினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காசாவுக்காகத்தான் செய்கிறோம் என்று ஹவுதிகள் சொல்வதை நம்பி அவர்களை வீரர்களாகப் பார்க்கிறவர்கள் இந்தத் தளத்திலும் இருக்கிறார்கள். காசாவில் நடந்தது கொடுமை, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இதே ஹவுதிகள் தைஸ் நகரத்தை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு வைத்திருந்தவர்கள். 2024 ஜூனிலிருந்து ஐ.நா. ஊழியர்களையும் உள்ளூர் நிவாரணப் பணியாளர்களையும் அலை அலையாகப் பிடித்து உள்ளே வைத்தவர்கள். நான் பெயர் தெரிந்து, கூட உட்கார்ந்து சாப்பிட்ட ஆட்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் யாரும் மேஜையில் பேசவில்லை.

‘ரூபிமார்’ கப்பலை மறந்துவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில் அடிபட்டு மார்ச் 2 அன்று மூழ்கியது. உள்ளே 21,000 டன் உரம். அந்தக் கரை முழுக்க மீனவர்கள். வலையை விரிக்கப் பயந்து படகைக் கரையேற்றியவர்களின் நஷ்டம் எந்த நாட்டு அறிக்கையிலும் வராது.

பதில் 3: சந்தாத்தொகை

கடல் இன்ஷூரன்ஸ் பக்கத்தில் இருப்பவன் என்பதால் சுருக்கமாக ஒன்று. வழி திறந்திருக்கிறதா என்பதைத் தளபதி அறிவித்தால் போதாது, காப்பீட்டாளர் ஏற்க வேண்டும். போர் அபாயத்துக்குத் தனிப் பிரீமியம் உண்டு. லண்டனில் கூட்டுப் போர்க் குழு என்று ஒன்று ஆபத்தான கடல் பகுதிகளைப் பட்டியலிடும். அதற்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டிச் சொல்லிக் கூடுதல் பணம் கட்ட வேண்டும், பொதுவாக ஏழு நாளைக்குச் செல்லும். 2023 நவம்பருக்கு முன் அது கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே. 2024 தொடக்கத்தில் 0.7 முதல் 1 சதவீதம் வரை போனது. 10 கோடி டாலர் கப்பலுக்கு ஒரு முறை கடக்க 10 லட்சம் டாலர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஆசியா–ஐரோப்பா பயணத்தில் பத்து நாள் முதல் இரண்டு வாரம் கூடுதல், எரிபொருள் கூடுதல். ஆனால் அந்தச் செலவு நிச்சயமானது, சரக்கு வாடகையில் ஏற்றிவிடலாம். சண்டை நிறுத்தம் அறிவித்த மறுநாள் பிரீமியம் இறங்காது. பல மாதம் அமைதி தெரிய வேண்டும். 2025-ல் ஆறு மாதத்துக்கும் மேல் அமைதியாக இருந்து, பிரீமியம் இறங்க ஆரம்பித்து, சிலர் திரும்பி வரத் தொடங்கிய நேரத்தில்தான் ஜூலைத் தாக்குதல் நடந்தது. நம்பி வந்தவர்கள்தான் அடிவாங்கினார்கள்.

இதில் பெரிய நஷ்டம் எகிப்துக்கு. சூயஸ் கால்வாய் வருமானத்தில் 2024-ல் மட்டும் சுமார் 700 கோடி டாலர் போனதாக அந்நாட்டு அரசே சொன்னது. அப்படியிருந்தும் எகிப்து குண்டுவீச்சுக் கூட்டணியில் சேரவில்லை, சவுதியும் சேரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏன் ஒதுங்கினார்கள் என்பதைக் கட்டுரையில் ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

வகுப்பறைக்குறிப்பு

மூவருக்கும் நன்றி. நான் தொடங்கிய இடம் வேறு, இப்போது நிற்கிற இடம் வேறு.

இரண்டு கேள்வி மீதி இருக்கிறது. ஒன்று, இந்தியா ஏன் அந்த அமெரிக்கக் கூட்டணியில் சேராமல் தனியாகக் கப்பல்களை அனுப்பியது? அது சரியான முடிவா? இரண்டாவது கேள்வி, கட்டுரைக்காக இல்லை. என் சித்தி மகன் டெக் கேடட்டாக முதல் கப்பலில் சேரப் போகிறான். செங்கடல் வழி வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். தென்மேற்குப்பருவம் அண்ணா, நீங்களே சொல்லுங்கள்.

பதில் 4: தென்மேற்குப்பருவம்

முதல் கேள்விக்கு என் கருத்து: சரியான முடிவு. 2023 டிசம்பர் 23 அன்று குஜராத் கரைக்கு அப்பால் ‘கெம் புளூட்டோ’ டேங்கர் மீது ட்ரோன் விழுந்தது. அதன் பிறகு இந்தியக் கடற்படை அரபிக்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் பத்துக்கு மேல் போர்க்கப்பல்களைக் காவலுக்கு நிறுத்தியது. யாரையும் குண்டு போடப் போகவில்லை, கூப்பிட்டவர்களுக்கு உதவப் போனது. 2024 ஜனவரி 26 அன்று ‘மார்லின் லுவாண்டா’ டேங்கர் தீப்பிடித்தபோது ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்தின் தீயணைப்புக் குழு ஏறி அணைத்தது. அதில் 22 பேர் இந்தியர்கள். மார்ச் 6 அன்று ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். உயிர்காப்புப் படகிலிருந்து 21 பேரை எடுத்தது ஐஎன்எஸ் கொல்கத்தா. அதில் இந்தியர் ஒரே ஒருவர்தான். எந்தக் கொடி என்று கேட்கவில்லை. நான் முதல் பதிலில் கோபப்பட்டேனே, அந்தக் கணக்கில் வராத மாலுமிகளை எண்ணிய கடற்படை இது.

அதே மாதம் ‘ரூயன்’ கப்பலைச் சோமாலியக் கொள்ளையரிடமிருந்து மீட்டதும் இவர்கள்தான். 35 பேரைப் பிடித்தார்கள், 17 மாலுமிகளைக் காயமில்லாமல் எடுத்தார்கள். உலகத்தின் கண் செங்கடலில் இருந்தபோது பழைய கொள்ளையர் மறுபடி தலைதூக்கினார்கள் என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்.

ஆனால் தனியாக நிற்பதற்கும் எல்லை உண்டு. அடிபட்ட பிறகு காப்பாற்றலாம், அடிபடாமல் தடுக்க முடியவில்லை. ஈரானோடும் அமெரிக்காவோடும் ஓமானோடும் ஒரே நேரத்தில் பேச முடிகிற நாடு இந்தியா. உலகத்துக்கு மாலுமிகளைத் தருகிற பெரிய நாடுகளில் ஒன்று. பிலிப்பைன்ஸையும் சேர்த்துக்கொண்டு, எந்தச் சண்டை நிறுத்தம் எழுதப்பட்டாலும் எல்லாக் கொடிக் கப்பல்களின் மாலுமிகளுக்கும் அது பொருந்த வேண்டும் என்று மஸ்கட்டில் கேட்கலாம். இதுவரை அதைக் கேட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும்.

சித்தி மகன் விஷயம். பயப்பட வேண்டாம், ஆனால் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சைன் ஆன் செய்வதற்கு முன், அந்தக் கப்பல் ஐபிஎஃப் ஒப்பந்தத்துக்குக் கீழ் வருகிறதா என்று கேட்கச் சொல். தொழிற்சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் சேர்ந்து செய்த ஒப்பந்தம் அது. 2024-ல் தெற்குச் செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் போர் நடவடிக்கைப் பகுதி என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு நடப்பில் இருக்கும்வரை அங்கே போகிற மாலுமிக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு, உயிரிழப்புக்கும் ஊனத்துக்கும் இழப்பீடு இரட்டிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, நான் போக மாட்டேன் என்று சொல்லி, கம்பெனி செலவில் வீட்டுக்குத் திரும்பும் உரிமை உண்டு. எல்லைகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் சேர்கிற தேதியில் நிலவரம் என்ன என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிற கப்பல் என்றால் இதில் ஒன்றும் தானாக வராது. ஏஜெண்ட் வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

பையன் புதியவன், முதல் கப்பல் கைவிட்டுப் போய்விடுமோ என்று கேட்கத் தயங்குவான். அவனுக்குப் பதிலாக அவன் அப்பா கேட்கட்டும். கப்பல் பெயரும் அதன் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணும் கிடைத்ததும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐடிஎஃப்பின் இணையத்தளத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இந்த வாரம் கப்பலில் நெட் சுமார்தான், பதில் ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம்.